கொள்ளி வைக்க வேண்டியவன்

கப்பலூரில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனி ஒன்றில், மெஷினுக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுந்தார் தங்கப்பாண்டி. தூக்கிக்கொண்டு ஓடினார்கள், வழியிலேயே உயிர் போய்விட்டது. அவர் உடம்பு பேரையூர்ப் பக்கம் இருக்கும் அவருடைய ஊருக்கு வந்து சேருவதற்குள், இதை அவர் மகன் கருத்தக்கண்ணனிடம் சொல்வதா வேண்டாமா என்ற பேச்சு அங்கே தொடங்கிவிட்டது. வேண்டாம் என்றவர்கள்தான் அதிகம். அவர்களில் பாதிப்பேர் அந்தப் பையனிடம் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

கருத்தக்கண்ணன் ஒரே மகன். இருபது வயசு. ஆட்டிசம் என்று சின்ன வயசிலேயே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஊர் அதற்கு வேறு பேர் வைத்திருந்தது, அதை இங்கே சொல்ல வேண்டாம். அப்பாவோடு கப்பலூருக்குப் போய், வாளிகளுக்குக் கைப்பிடி மாட்டும் வேலையை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனியில் அந்த வேலைக்கு ஒரு மெஷின் வந்தது. 'தம்பி நாளையிலிருந்து வர வேண்டாம்' என்றார் சூப்பர்வைசர். அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் பையன் தூங்கவில்லை. சோற்றைத் தொடவில்லை. தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். ஒருநாள் விடியும்போது நான்குவழிச் சாலையின் நட்டநடுவில் போய் நின்றுகொண்டான். லாரிக்காரன் ஒருவன் பிரேக் போட்ட புண்ணியத்தில் பிழைத்தான். மதுரையில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பா செத்த அன்று அவன் அங்கேதான் இருந்தான்.

ஐரினுக்குப் போன் வந்தபோது அவள் சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஒரு டிரஸ்டில் கீ வொர்க்கர் என்ற வேலை அவளுக்கு. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மனசு உடைந்துபோகும் காலத்தில் வீடு, டாக்டர், வார்டு எல்லாவற்றுக்கும் நடுவே ஒரே ஆளாக நின்று, அந்தப் பிள்ளைக்குப் பழகிய ஒரு முகமாக இருப்பதுதான் வேலை. முதல்நாள் இதை விளக்கியபோது, பையனின் அம்மா அன்னக்கொடி, "எந்த வீட்டுச் சாவிம்மா ஒங்கிட்ட இருக்கு?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். அதிலிருந்து ஊருக்கு அவள் டீச்சர், பையனுக்கு ஐரின் மிஸ்.

பையனின் நம்பிக்கையைப் பெற அவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மிட்டாய் கொடுத்தோ கொஞ்சியோ அல்ல. நடக்காததை அவனிடம் சொல்லக்கூடாது, சொன்னது நடக்க வேண்டும் என்று ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். வருகிறேன் என்றால் வந்தாள். ஊசி வலிக்குமா என்று கேட்டால், வலிக்கும் என்றாள். மற்ற எல்லாரும் அவனுக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டு பொய்யை வாய் நிறையச் சொல்லி வைத்திருந்தார்கள். சலூனுக்குக் கூட்டிப்போக ஐஸ்கிரீம் என்பார்கள், ஊசிக்குக் கூட்டிப்போகச் சித்தி வீடு என்பார்கள். அதனால் அவன் ஐரினிடம் மட்டும் கேட்டான். கேட்டுக் கேட்டு ஆளைத் துளைத்து எடுத்துவிடுவான். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டியில் தங்கப்பாண்டியைக் கிடத்தியிருந்தார்கள். கம்பெனிச் சட்டையை மாற்றி வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். முந்தாநாள் வார்டில் பார்த்த மனுசன். தினமும் ஷிப்ட் முடிந்து பஸ் மாறி மகனைப் பார்க்க வருவார். பையில் காராச்சேவு இருக்கும். மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு பேரும் அதைத் தின்பார்கள். முடிந்ததும் எழுந்து, "நாளைக்கு வாரேன்யா" என்று சொல்லிவிட்டுப் போவார். ஐரினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கப்பாண்டியின் அண்ணன் பேயாண்டியிடம் போனாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாரையும் விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தார் அவர்.

"அண்ணே, கண்ணனைக் கூட்டிட்டு வரணும். டாக்டர்ட்டப் பேசிட்டேன். வீட்டுல சம்மதிச்சா, நான் கூட இருந்தா, அனுப்புறேன்னு சொல்லிட்டாரு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அவன்தானே அண்ணே கொள்ளி வைக்கணும்."

பேயாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "டீச்சர், நீங்க படிச்சவங்க. கொள்ளி வைக்கிறதுன்னா என்னன்னு தெரியுமா? பொணத்தைக் குளிப்பாட்டத் தண்ணி எடுக்க நீர்மாலைக்குப் போகணும். தலையில தண்ணி ஊத்துவாங்க. மொட்டை போடணும். கொடத்தைத் தோள்ல வச்சுக்கிட்டு சுத்தி வரணும். அவன் தலையில எவனாச்சும் கை வைக்க முடியுமா? ஒரு வேட்டுச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கிட்டு ஊரு அதிரக் கத்துறவன்."

"மொட்டை போடாட்டி என்னண்ணே? மத்ததெல்லாம் நான் முன்னாடியே ஒண்ணொண்ணா சொல்லிடுவேன். சொல்லிட்டா அவன் செய்வான். கொட்டு, வேட்டு மட்டும் அவன் வந்து போற வரைக்கும் நிறுத்துனா போதும்."

அங்கேதான் வந்தது வினை. "கொட்டு இல்லாமப் பொணம் எடுக்குறதா? எந் தம்பி என்ன அநாதையா?" என்று பேயாண்டி போட்ட சத்தத்தில் பந்தலே திரும்பிப் பார்த்தது. தம்பி மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று சொல்ல முடியாது. கொட்டும் வேட்டும் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு பெரிய ஆள் தன் தம்பி என்று ஊருக்குக் காட்டத் துடித்தார். உயிரோடு இருந்தபோது பிளாஸ்டிக் வாளி செய்துகொண்டிருந்தவனைச் செத்த பிறகாவது ராஜாவாக அனுப்ப வேண்டும் அவருக்கு. அந்த ராஜாவுக்கு ஒரு பிள்ளை உண்டு என்பதுதான் அவர் கணக்கில் இடித்தது. "எம் மகன் ஜெயபாண்டி வைப்பான். அவனும் பிள்ளை மாதிரிதானே" என்று முடித்துவிட்டார்.

ஐரின் விடவில்லை. உள்ளே போய் அன்னக்கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் அவளைச் சுற்றி மாரடித்துக்கொண்டிருந்தார்கள். அன்னக்கொடி அழுது ஓய்ந்து, சுவரில் சாய்ந்து கிடந்தாள்.

"அக்கா, நீங்க சரின்னு சொன்னாத்தான் அவனை விடுவாங்க. அவன் வரணும்க்கா. பிறகு கேப்பான்."

அன்னக்கொடிக்கு மகனைக் கூட்டிவரத்தான் ஆசை. ஐரினின் கையைப் பிடித்த பிடியிலேயே அது தெரிந்தது. கதவோரம் பேயாண்டி நின்றார், அவருக்குப் பின்னால் பங்காளிகள். அன்னக்கொடி அவர்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"நீ சொல்லு ஐரினு. நீ பொய் சொல்ல மாட்ட. எம் பிள்ளை வந்தா கத்துவானா, மாட்டானா?"

வீடே அவள் வாயைப் பார்த்தது. ஐரின் யோசித்தாள். அவன் கத்தாமல் இருக்கலாம். கூட்டத்தைப் பார்த்து, ஒப்பாரியைக் கேட்டு, கத்தினாலும் கத்தலாம். எப்படி நிச்சயமாகச் சொல்வது? நடக்குமோ நடக்காதோ என்று தெரியாததைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"தெரியலக்கா" என்றாள்.

"கேட்டியா? டீச்சருக்கே தெரியலையாம்" என்றார் பேயாண்டி. அன்னக்கொடி ஐரினின் கையை விட்டாள்.

மாட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கத்தினால்தான் என்ன? அப்பன் செத்ததுக்குப் பிள்ளை கத்தாமல் வேறு எதற்குக் கத்துவதாம்? அந்தப் பந்தலில் அன்று கத்தாதவர் யார்? இதெல்லாம் ஐரினுக்குப் பஸ்ஸில் திரும்பிவரும்போது வரிசையாகத் தோன்றியது. அங்கே வாயில் வரவில்லை. மறுநாள் கொட்டும் வேட்டும் அதிர, ஜெயபாண்டி தலையை மழித்துக்கொண்டு சித்தப்பாவுக்குக் கொள்ளி வைத்தான்.

கருமாதி முடியும்வரை பையனிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பது குடும்பத்தின் கட்டளை. டாக்டர் சத்தியசீலனும், "புது மாத்திரை ஆரம்பிச்சிருக்கேன், கொஞ்சம் நிதானத்துக்கு வரட்டும், அவசரப்பட வேண்டாம் ஐரின்" என்றார். எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. கொள்ளி வைத்த அன்று சாயங்காலம் ஐரின் வார்டுக்குப் போனாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஸ். அப்பா?"

"அப்பா இன்னிக்கு வரல கண்ணா."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வரமாட்டாரு."

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நேராகக் கண்ணைப் பார்க்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. அவள் மோவாய்க்கட்டையைப் பார்த்தான். பிறகு படுத்துக்கொண்டான். அடுத்த நாளும் கேட்டான். அதே கேள்வி, அதே பதில். அதற்கு அடுத்த நாள் கேட்கவில்லை. ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை என்று ஐரின் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணும்போது மட்டும் அந்தச் சமாதானம் போதவில்லை.

பையன் அமைதியாகிவிட்டான். தலையை மோதவில்லை, கொடுத்ததைத் தின்றான், சொன்ன இடத்தில் உட்கார்ந்தான். "மாத்திரை நல்லா கேக்குது" என்று டாக்டர் சந்தோஷப்பட்டார்.

கருமாதி முடிந்ததும் அன்னக்கொடி மகனைப் பார்க்கக் கிளம்பி வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஐரின் அவளைப் பார்த்தாள். வெறும் நெற்றி, வெறும் கழுத்து, வெறும் கால். நாற்பதைத் தாண்டிய பொம்பளை பத்து வயசு கூடிப்போனவள்போல நின்றாள்.

"இப்பிடியே போனா அவனுக்குத் தெரிஞ்சுரும்ல?" என்றாள் அன்னக்கொடி. "அதான் கொண்டாந்திருக்கேன்."

துணிப்பையை விரித்துக் காட்டினாள். மஞ்சள் கயிறு ஒன்று, அதில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டியிருந்தாள். கவரிங் மெட்டி. கண்ணாடி வளையல். ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு.

"அக்கா, வேணாம்க்கா. சொல்லிரலாம். நானே சொல்றேன்."

"பேசாம இரு ஐரினு. இப்பத்தான் எம் பிள்ளை சோறு திங்கிறான்னு சொல்றாங்க. நான் போய் அதைக் கெடுக்கவா?"

பெண்கள் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று அவள் கயிற்றைக் கட்டினாள். நடுக்கூடத்தில் உட்காரவைத்து, தாலியை அறுத்துப் பாலில் போட்டு இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை. ஊரில் தெரிந்தால் உரித்து எடுத்துவிடுவார்கள். மெட்டியைப் போடக் குனிந்தாள். வளையல் போட்டாள். பொட்டு வைத்தபோது அது புருவத்துக்கு மேலே கோணலாக ஒட்டியது. "நீ வச்சு விடு" என்றாள்.

ஐரின் பிறந்ததிலிருந்து பொட்டு வைத்தவள் அல்ல. அவள் வீட்டில் யாரும் வைத்ததில்லை. புருஷன் செத்த ஒருத்திக்கு, அவன் சாகவில்லை என்று காட்ட, தன் கையால் முதல் பொட்டு வைப்போம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. வைத்தாள். அன்னக்கொடி கண்ணாடியில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவரு இருக்குற மாதிரியே இருக்கு" என்றாள். உடனே வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் அழுதாள். ஐரின் அவளைக் கட்டிக்கொண்டாள். வாளியோடு வந்த ஒரு கூட்டுகிற பெண் இருவரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப்போனாள்.

வார்டில் கருத்தக்கண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அன்னக்கொடி சிரித்துக்கொண்டே போனாள். "எம் ராசா, சாப்பிட்டியாய்யா? மெலிஞ்சுட்டியே" என்று எப்போதும் பேசுவதைவிட அதிகமாகப் பேசினாள். அவன் அவள் காலைப் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான். கையை நீட்டிக் கயிற்றைத் தொட்டான்.

"இது புதுசு. அப்பா கட்டுனது இல்ல."

"அது... அறுந்துருச்சுய்யா, அதான் வேற கயிறு."

அவன் கட்டைவிரல் நகத்தால் அவள் நெற்றிப் பொட்டை மெதுவாக உரித்து எடுத்தான். எடுத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சம் யோசித்தான். பிறகு கட்டில் கம்பியில் ஒட்டிவைத்தான்.

"அப்பா செத்துட்டாரு" என்றான்.

வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப்போலத்தான் சொன்னான். ஐரின் கதவைப் பார்த்தாள், நர்ஸைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"ஒனக்கு எப்பிடித் தெரியும் கண்ணா?" என்று அவள்தான் கேட்டாள்.

"அப்பா வரலைன்னா போன் பண்ணும். பண்ணல. மிஸ் நாளைக்கும் வரமாட்டாருன்னு சொன்னீங்க. அடுத்த நாளும் சொன்னீங்க. எப்ப வருவாருன்னு சொல்லல. மிஸ் பொய் சொல்ல மாட்டீங்க."

அப்படியென்றால் இத்தனை நாளும் தெரிந்துகொண்டேதான் அந்தக் கட்டிலில் தனியாகக் கிடந்திருக்கிறான். அதைத்தான் மாத்திரை கேட்கிறது என்று எல்லாரும் மகிழ்ந்திருந்தார்கள். ஐரின் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எரிச்சாச்சா?"

"ஆமாய்யா" என்றாள் அன்னக்கொடி.

"யாரு கொள்ளி வச்சா?"

"ஜெயபாண்டி அண்ணன்."

"செத்தது அவங்க அப்பா இல்லையே."

"நீ கத்துவன்னு பயந்துட்டோம்யா. கொட்டு, வேட்டு, கூட்டம்... எல்லாரும் சொன்னாங்க, நீ கத்துவன்னு..." அன்னக்கொடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே அழுதாள்.

அவன் கட்டில் கம்பியில் ஒட்டிய பொட்டைப் பார்த்தான்.

"கத்தியிருக்க மாட்டேன்" என்றான்.

ஐரின் அவனிடம் எவ்வளவோ சொல்ல நினைத்தாள். "எங்கிட்டக் கேட்டாங்க கண்ணா. நான் தெரியலைன்னு சொல்லிட்டேன். தப்புதான்" என்பது மட்டுமே வந்தது. அவன் தலையை ஆட்டினான். மன்னித்தான் என்று எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது என்ன வேண்டும் என்று டாக்டர் அவனிடம் கேட்டார். அப்பாவை எரித்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றான். வந்து இடத்தைக் காட்டச் சொல்லிப் பேயாண்டியிடம் சொன்னார்கள். வாரேன் வாரேன் என்றார், வரவில்லை. பையன் முகத்தைப் பார்க்க மனுசனுக்குத் தெம்பில்லை என்று அன்னக்கொடி சொன்னாள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஜெயபாண்டி கேரளாவுக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். கடைசியில் ஒரு ஆட்டோ பிடித்து, ஐரினும் அன்னக்கொடியும் அவனைக் கூட்டிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனார்கள்.

அந்த ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் கிடையாது. முச்சந்தியோடு திரும்பிவிட வேண்டும். இருபத்து மூன்று வருஷம் குடும்பம் நடத்திய அன்னக்கொடியும் புருஷனை அந்த முச்சந்தி வரைதான் அனுப்பியிருந்தாள். ஆட்டோக்காரன் கருவேல மரத்தடியில் நிறுத்தி, "எறங்கிக்கங்க, நான் அங்க வரல" என்றான். பட்டப்பகல், வெயில் மண்டையைப் பிளந்தது. தகரக் கொட்டகை ஒன்று. உள்ளேயும் வெளியேயும் கருகிய திட்டுகள். சில பழசு, சில புதுசு. உடைந்த கலயங்கள், காய்ந்த மாலைகள். சாம்பலை அள்ளிக் கரைத்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

கருத்தக்கண்ணன் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தான். பிறகு அம்மாவிடம் வந்தான்.

"எந்த எடம்?"

அன்னக்கொடி ஒரு திட்டைப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். ஏதாவது ஒன்றைக் கைகாட்டியிருக்கலாம்தான். பிள்ளையின் மன ஆறுதலுக்கு ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். அவள் ஐரினைப் பார்த்தாள்.

"எங்களுக்குத் தெரியாது கண்ணா" என்றாள் ஐரின். "எங்களை விடல. நாங்க பாக்கல."

அவன் ஒவ்வொரு திட்டாகப் போய் நின்றான். எல்லாத் திட்டிலும் கொஞ்ச நேரம் நின்றான், எதிலாவது அப்பா இருந்துவிட்டால் விட்டுப்போய்விடக்கூடாது என்பதைப்போல. பெண்கள் இருவரும் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டு நடுவில் வந்து நின்று, தூரத்தில் தெரிந்த ஊரைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"அம்மா. இங்க கத்தலாமா?"

அன்னக்கொடி நெஞ்சில் அடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "கத்துய்யா! எம் பிள்ளை கத்துய்யா! எவன் கேக்குறான்னு பாக்குறேன்!"

அவன் கையைக் காதருகே கொண்டுபோனான். வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றான். கழுத்து நரம்பு புடைத்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. ஐரின் காத்திருந்தாள்.

வாயை மூடிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"வரல மிஸ்" என்றான்.